கம்பெனி செலவில் ஒரு சின்ன ஆபரேஷன்

தன் கைக்காசைக் கொடுத்து வைத்தியம் பார்க்கிறவர் டாக்டரிடம் நாலு கேள்வி கேட்பார். அதே ஆள், செலவைக் கம்பெனி ஏற்றுக்கொள்கிறது என்று தெரிந்தால் வாயை மூடிக்கொண்டு கட்டிலில் ஏறிப் படுத்துவிடுவார். என் உத்தியோக காலம் முழுவதும் நான் அதிகம் பார்த்தது இந்த இரண்டாவது ஆளைத்தான். முதலில் பெங்களூரில் ஒரு அரசுத் தொழிற்சாலையின் மருத்துவப் பிரிவு, பிறகு ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி. இரண்டு இடத்திலும் வேலை ஒன்றுதான். ஊழியருக்கும் அவர் வீட்டாருக்கும் சேர வேண்டிய வைத்தியம் சேருகிறதா, வேண்டாதது அவர்கள் தலையில் கட்டப்படுகிறதா என்று பார்ப்பது.

போன மாதம் தீபா போன் செய்தாள். எனக்குக் கீழே வேலைக்குச் சேர்ந்தவள், இன்று அந்த சாஃப்ட்வேர் கம்பெனியில் எங்கள் பிரிவையே நடத்துகிறவள்.

"மேடம், இப்பல்லாம் ஆப்லயே இன்சூரன்ஸ் அப்ரூவல் வந்துடுது. யாரோட முகத்தையும் பாக்கறதில்ல. புதுசா வந்த பொண்ணுங்க, இந்த வேலையில என்ன இருக்குன்னு கேக்கறாங்க. நீங்க ஏதாவது எழுதிக் குடுங்களேன்."

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. ஆனால் அந்தப் பெண்கள் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது.

நான் காக்ஸ் டவுனில் பிறந்து வளர்ந்தவள். பி.காம். முடித்து, டைப் கற்று, இரண்டு மூன்று இடங்களில் தற்காலிக வேலை பார்த்துவிட்டு, 1991இல் அந்தத் தொழிற்சாலையின் மருத்துவப் பிரிவில் கிளார்க்காகச் சேர்ந்தேன். வைத்தியம் பற்றி எனக்குத் தெரிந்தது காய்ச்சலுக்கு மாத்திரை என்பது மட்டும். டாக்டர்களின் கையெழுத்தைப் படிக்க ஒரு வருஷம், பில்லில் எது எதற்கு என்று புரிய இன்னொரு வருஷம். அதற்கு மேல் அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

சொல்ல வேண்டியது எங்கள் டாக்டரைப் பற்றி. டாக்டர் நாகரத்னா, மைசூர்க்காரர். பிரிவுக்கு அவர்தான் தலைமை. வீட்டில் கன்னடம், எங்களோடு கன்னடமும் தமிழும் கலந்து பேசுவார். நோயாளியை மேஜைக்கு எதிரே உட்காரவைக்க மாட்டார். பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டிருப்பார். நோயாளி பேச ஆரம்பித்ததும் பேனாவை மூடிக் கீழே வைத்துவிடுவார். அவர் சொல்லி முடித்து, "இன்னும் ஏதாவது இருக்கா?" என்று இவர் கேட்டு, "இல்லீங்க" என்ற பதில் வந்த பிறகுதான் பேனா திறக்கும். "இல்லீங்க" சொன்ன பிறகு தயங்கித் தயங்கி ஒரு விஷயம் வெளியே வரும். பல சமயம் நோயே அதில்தான் இருக்கும்.

எங்கள் தொழிற்சாலையில் அப்போது இன்சூரன்ஸ் கிடையாது. வெளியே ஒரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் வேண்டும் என்று சொன்னால், ஊழியர் எங்களிடம் வருவார். டாக்டர் கையெழுத்துப் போட்டுக் கடிதம் கொடுத்தால் செலவு தொழிற்சாலையுடையது. மாரடைப்பு, விபத்து, பிரசவச் சிக்கல் என்றால் எந்தக் கேள்வியும் கிடையாது. முதலில் ஆள் போகட்டும், காகிதம் பிறகு வரட்டும் என்பார். மற்ற எதுவானாலும் நோயாளியே நேரில் வர வேண்டும். புருஷன் வந்து பெண்டாட்டிக்காகப் பேசுவது, மகன் வந்து அப்பாவுக்காகப் பேசுவது எல்லாம் எடுபடாது.

ஸ்டூலில் உட்கார்ந்தவரிடம் டாக்டர் கேட்பார்: "ஏனு மாட்தாரந்தெ? உங்க உடம்புல என்ன பண்ணப் போறாங்களாம்? நீங்களே சொல்லுங்க."

அவர் தெரிந்ததைச் சொல்ல வேண்டும். படிப்பில்லாதவர் கையால் காட்டிச் சொன்னாலும் சரி. அடுத்து, "அத பண்ணலேன்னா என்ன ஆகும்னு சொன்னாங்க?" மூன்றாவது, "வேற வழி இருக்கான்னு கேட்டீங்களா?" இந்த மூன்றுக்கும் பதில் தெரியாவிட்டால், "போய் அவங்களக் கேட்டுட்டு வாங்க, நான் இங்கதான் இருப்பேன்" என்று அனுப்பிவிடுவார். திட்ட மாட்டார். கையெழுத்தும் போட மாட்டார்.

இழுத்தடிக்கிறார் என்று யூனியன்காரர்கள் ஒருமுறை கொடி பிடித்துக்கொண்டு வந்தார்கள். ஒருவர், "சின்ன ஆபரேஷன் மேடம், அதுக்குப் போய் இத்தன கேள்வியா?" என்றார். டாக்டர் நிதானமாக அவரைப் பார்த்தார். "அடுத்தவங்க உடம்புல பண்றது எல்லாமே சின்ன ஆபரேஷன்தாம்ப்பா" என்றார். வந்தவர்களில் பாதிப்பேர் சிரித்துவிட்டார்கள். கொடி திரும்பிப் போயிற்று.

விவேக் நகரிலிருந்து வரும் அந்தோணிதாஸ் என்று ஒரு ஃபிட்டர் இருந்தார். முதுகுவலி. தண்டுவடத்தில் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நாள் குறித்துக் கொடுத்துவிட்டார்கள். டாக்டரின் முதல் கேள்விக்கே அவரிடம் பதில் இல்லை. டாக்டர் அவரை வேறொரு எலும்பு மருத்துவரிடம் அனுப்பினார். அவரோ உடற்பயிற்சியும் ஓய்வும் போதும், காலில் மரமரப்பு வந்தால் மட்டும் உடனே வா என்று சொல்லிவிட்டார். அந்தோணிதாஸுக்கு எங்கள் மேல் ஆத்திரம். செலவை மிச்சம் பிடிக்கிறோம் என்று கேண்டீன் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். கொஞ்ச மாதம் கழித்து மகள் கல்யாணத்தில் அவரே பந்தி பரிமாறியதை நானும் டாக்டரும் உட்கார்ந்து சாப்பிட்டபடி பார்த்தோம். "இன்னும் கொஞ்சம் பாயசம்?" என்று குனிந்து கேட்டார். "முதுகு?" என்றார் டாக்டர். "அது கிடக்குது மேடம்" என்று நிமிர்ந்து அடுத்த இலைக்குப் போனார்.

பில் சரிபார்ப்பது என் வேலை. அதற்கு எனக்குக் கிடைத்த வழி சுலபமானது. காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருக்காமல், ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "காலையில யார் வந்தாங்க? ஊசி எத்தன தடவ போட்டாங்க? மிச்ச மருந்த என்ன பண்ணீங்க?" என்று பேச்சுக் கொடுப்பேன். வராண்டாவில் நடந்து பழகிக்கொண்டிருந்த நாளுக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவுக் கட்டணம் போட்டிருப்பது இப்படித்தான் தெரியவரும். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தால், பெரும்பாலும் மறுபேச்சில்லாமல் திருத்திக் கொடுப்பார்கள். கேட்கிறவர்கள் இல்லாததால்தான் அப்படி வந்தது என்பது என் எண்ணம்.

டாக்டர் ஓய்வு பெற்று மைசூருக்குப் போனார். கொஞ்ச காலத்தில் தொழிற்சாலை ஆட்குறைப்பில் இறங்கியது. விருப்ப ஓய்வு என்று பெயர். நானும் எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். வீட்டில் உட்காரும் வயசில்லை. ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் ஊழியர் நலப் பிரிவுக்கு அனுபவமுள்ள ஆள் கேட்டிருந்தார்கள். நேர்முகத்தில் எதிரே உட்கார்ந்திருந்தவருக்கு என் தம்பி வயசுகூட இருக்காது. "கம்ப்யூட்டர் தெரியுமா?" என்று கேட்டார். "கத்துக்குவேன். ஆஸ்பத்திரி பில் படிக்கத் தெரியும்" என்றேன். வேலை கிடைத்தது.

அங்கேதான் முதல்முறையாக இன்சூரன்ஸ் கார்டைப் பார்த்தேன். கம்பெனியே எல்லோருக்கும் சேர்த்து ஒரு பாலிசி எடுத்திருந்தது. ஊழியர், மனைவி, குழந்தைகள், அப்பா அம்மா வரை அதில் அடக்கம். பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரியில் கார்டைக் காட்டினால் காசு கட்ட வேண்டியதில்லை. இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே அனுமதி கொடுக்க ஒரு நிறுவனம் இருந்தது. அதை டி.பி.ஏ. என்போம். ஆஸ்பத்திரி அவர்களுக்கு ஃபாக்ஸ் அனுப்பும், அவர்கள் அப்ரூவல் அனுப்புவார்கள்.

சேர்ந்த வாரமே அந்தப் பாலிசியைக் கையில் எடுத்தேன். காக்ஸ் டவுனிலிருந்து ஆபீஸுக்கு பஸ்ஸில் போக வர அதுதான் எனக்குப் படிப்பு. புரியாத இடங்களில் கோடு போட்டு, இன்சூரன்ஸ்காரர்களைக் கூப்பிட்டுக் கேட்டேன். "இதுவரைக்கும் யாரும் இதெல்லாம் கேட்டதில்ல மேடம்" என்றார்கள். பிறகு புதிதாகச் சேர்கிறவர்களுக்கு மாதம் ஒருமுறை வகுப்பு எடுக்க ஆரம்பித்தேன். உசத்தியான அறை எடுத்தால் அறை வாடகை மட்டுமல்ல, டாக்டர் ஃபீஸிலிருந்து எல்லாமே உசரும் என்பது, குழந்தை பிறந்தால் உடனே பெயர் சேர்க்க வேண்டும் என்பது, டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன் பில்லை வாங்கி வரிவரியாகப் பார்க்க வேண்டும் என்பது. எல்லாவற்றையும் விட முக்கியமாக, டாக்டர் நாகரத்னாவின் மூன்று கேள்விகள். "கம்பெனி கட்டுதுன்னு கண்ண மூடிக்கிட்டு எதையும் பண்ணிக்காதீங்க" என்றுதான் வகுப்பை ஆரம்பிப்பேன். பிள்ளைகள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, பிஸ்கட்டைத் தின்றுவிட்டுப் போவார்கள்.

அப்படிப் போனவர்களில் ஒருவர் குமரவேல். ஆம்பூர்ப் பக்கத்துக்காரர். அப்பா சின்ன வயசிலேயே இறந்துவிட, அம்மா ஷூ கம்பெனியில் தையல் வேலை பார்த்து இஞ்சினீயரிங் படிக்க வைத்தவர். அமைதியான பையன், நல்ல வேலைக்காரர் என்று பெயர். ஒருநாள் மத்தியானம் என் மேஜைக்கு வந்தார்.

"மேடம், அம்மாவுக்கு ஒரு சின்ன ஆபரேஷன். இங்க விவேக் நகர்ல என் ரூமுக்குப் பக்கத்துலயே ஒரு நர்சிங் ஹோம். அப்ரூவல் வந்துடுச்சு. வியாழக்கிழமை அட்மிஷன். ஒரு தகவலுக்குச் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

சின்ன ஆபரேஷன் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் நான் நாற்காலியைக் காட்டினேன். "உக்காருங்க குமரவேல். என்ன ஆபரேஷன்?"

அவர் முகம் சிவந்தது. "லேடீஸ் ப்ராப்ளம் மேடம்."

"கர்ப்பப்பை எடுக்கறாங்களா?"

"ஆமா மேடம்."

"எதுக்கு?"

"ப்ளீடிங் இருக்குதாம். நான் டீடெய்லா கேக்கல. அம்மாகிட்ட எப்படி மேடம் கேக்கறது?"

அவரைக் குறை சொல்ல முடியாது. அந்த வீட்டில் இரண்டே பேர், ஒருவர் அம்மா, ஒருவர் ஆண்பிள்ளை. ஆனால் அவசரம் எதற்கு என்று கேட்டபோது இன்னொரு விஷயம் வந்தது. அவருக்கு வேறு கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. சம்பளம் அதிகம். மாதக் கடைசியில் இங்கே ராஜினாமா கொடுக்க இருந்தார். "அங்க பாலிசி எப்படியிருக்குமோ. இங்க இருக்கறப்பவே முடிச்சுடலாம்னு பாக்கறேன் மேடம்."

எனக்குள் மணி அடித்தது. இந்தக் கதை எனக்குத் தெரிந்த கதை. காசு கொடுக்க ஆள் இருக்கிறது, எடுத்துப் போட்டுவிடலாம் என்று நினைக்கிறார்கள். இன்னொரு அந்தோணிதாஸ் என்றே நினைத்தேன்.

"வேற ஒரு டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"எதுக்கு மேடம்? இன்சூரன்ஸ்காரங்களே ஓகே பண்ணிட்டாங்களே."

"அவங்க ஓகே பண்ணது காசுக்கு, குமரவேல். ஆபரேஷன் வேணுமா வேணாமான்னு அவங்க பாக்கல. உங்க அம்மாவ அவங்க பார்த்ததே இல்ல."

நான் அம்மாவைப் பார்த்துப் பேசலாமா என்று கேட்டேன். மறுநாள் காலை ஆபீஸுக்குப் போகும் வழியில் விவேக் நகரில் இறங்கி, அவர் வாடகைக்கு இருந்த மாடி அறைக்குப் போனேன்.

ஊரிலிருந்து வந்திருந்த அவர் அம்மா, சரோஜா அம்மாளுக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். மெலிந்த உடம்பு, தையல் ஊசி பட்டுப் பட்டுக் காய்த்த விரல்நுனிகள். மகனைக் காபித்தூள் வாங்க அனுப்பிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என்ன பண்ணப் போறாங்கன்னு உங்களுக்குச் சொன்னாங்களாம்மா?" என்று கேட்டேன்.

"கர்ப்பப்பைய எடுத்துட்டா சரியாப் பூடும்னாங்கம்மா."

"தூரம் நின்னு போச்சா உங்களுக்கு?"

"அது நின்னு வருஷக்கணக்காச்சு. இப்பதான் மறுபடியும் வந்துகினு இருக்குது. கொஞ்சம் கொஞ்சமா."

"டாக்டர் உள்ள வெச்சுப் பார்த்தாங்களா?"

"அதெல்லாம் இல்லம்மா. வயித்துமேல மிஷின் வெச்சு ஸ்கேன் எடுத்தாங்க. கர்ப்பப்பை வீங்கிக் கெடக்குது, வயசாச்சு, இனிமே அது இன்னாத்துக்குன்னாங்க."

தொழிற்சாலையில் டாக்டர் நாகரத்னாவின் ஸ்டூலில் உட்கார்ந்து இதே மாதிரி சொன்ன பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அப்போதெல்லாம் டாக்டர் அவர்களை உடனே பெண் மருத்துவரிடம் அனுப்புவார். தூரம் நின்ற பிறகு ரத்தம் வந்தால் காரணம் தெரியாமல் கத்தி வைக்கக் கூடாது என்பார். நான் டாக்டர் இல்லை. நோய் இன்னது என்று சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. ஆனால் எந்தக் கேள்வி கேட்கப்படாமல் கிடக்கிறது என்பது எனக்குத் தெரிந்துவிட்டது.

குமரவேல் திரும்பி வந்ததும், ஆபரேஷனைத் தள்ளிப்போட்டுவிட்டு இன்னொரு டாக்டரிடம் காட்டச் சொன்னேன். அவருக்குப் பிடிக்கவில்லை. "லீவெல்லாம் போட்டாச்சு மேடம். இப்ப விட்டா அப்ரூவல் கேன்சலாயிடும்னு நர்சிங் ஹோம்ல சொல்றாங்க."

"ஆகட்டும். திரும்பக் கேட்டாத் திரும்பக் குடுப்பாங்க. நான் வாங்கித் தர்றேன்."

"புது வேலைக்கு டேட் குடுத்துட்டேன் மேடம்."

சரோஜா அம்மாள்தான் முடிவு செய்தார். "ஒருவாட்டி காட்டிட்டு வந்துருவோம் குமாரு. அந்தம்மா இவ்ளோ தூரம் வந்து சொல்றாங்க இல்ல."

எங்கள் பக்கத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி உண்டு. அங்கே பெண் மருத்துவர் ஒருவர், அதிகம் பேசமாட்டார், நன்றாகப் பார்ப்பார் என்று பெயர். நானே கூடப் போனேன். பரிசோதனை அறைக்குள் மகன் வரமுடியாது என்பதால் சரோஜா அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே கூட்டிப்போனார். மருத்துவர் கருவி வைத்து, விளக்கைத் திருப்பிக் கர்ப்பப்பையின் வாயைப் பார்த்தார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். துளி சதையைக் கிள்ளி எடுத்து, சீசாவில் போட்டு, பரிசோதனைக்கு அனுப்பினார்.

"ரிசல்ட் வர்ற வரைக்கும் யாரும் ஆபரேஷன் பண்ணக் கூடாது" என்று மட்டும் வெளியே வந்து குமரவேலிடம் சொன்னார்.

அந்த ஒரு வாரம் எனக்கு வேலை ஓடவில்லை. வேண்டாத ஆபரேஷனைத் தடுக்கிறேன் என்று கிளம்பியவள் நான். இது அதுவல்ல என்று தெரிந்துவிட்டது.

ரிசல்ட் வந்த அன்று நான் ஆபீஸில் இருந்தேன். குமரவேல் போன் செய்தார். குரல் அவர் குரலாகவே இல்லை. கர்ப்பப்பை வாயில் புற்றுநோய். முற்றிவிடவில்லை, ஆனால் ஆரம்பக் கட்டத்தைத் தாண்டியிருக்கிறது. நான் ஆட்டோ பிடித்துப் போனபோது, ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். சரோஜா அம்மாள் உள்ளே பெஞ்சில் இருந்தார். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

நாங்கள் இருவரும் மருத்துவரிடம் போனோம். குமரவேல் கேட்ட முதல் கேள்வி, "அந்த ஆபரேஷனை வியாழக்கிழமை பண்ணியிருந்தா டாக்டர்?"

"கர்ப்பப்பைய மட்டும் எடுத்திருப்பாங்க. நோய் சுத்தி இருக்கற இடத்துல தங்கியிருக்கும். அப்புறம் வைத்தியம் இன்னும் கஷ்டம். இவங்களுக்கு இப்ப வேண்டியது கத்தி இல்ல. கதிர் சிகிச்சை, கூடவே மருந்து. இந்தக் கட்டத்துல குணமாக நல்ல வாய்ப்பு இருக்கு" என்றார்.

"அம்மாகிட்ட சொல்ல வேணாம் டாக்டர். தாங்கமாட்டாங்க."

மருத்துவர் எழுந்துபோய்க் கதவைத் திறந்து, சரோஜா அம்மாளை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். இருப்பதை இருக்கிறபடி, மெதுவாகச் சொன்னார். சரோஜா அம்மாள் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டார். பிறகு மகன் பக்கம் திரும்பினார்.

"என்கிட்ட மறைக்கலாம்னு பாத்தியா? கேன்சர்னு போர்டு போட்ட ஆஸ்பத்திரிக்கு தெனமும் கூட்டிக்கினு போயி, இது இன்னா சினிமாக் கொட்டாயின்னா சொல்லுவே?"

குமரவேல் அழுதுவிட்டார். அந்த அம்மாள் அழவில்லை. "எப்ப ஆரம்பிக்கணும் டாக்டர்?" என்று கேட்டார்.

இதற்குப் பிறகு வந்தது என் பங்கு. எங்கே சிகிச்சை சிறப்பாக இருக்கும் என்று மருத்துவர் சொன்னாரோ அந்த ஆஸ்பத்திரி எங்கள் பட்டியலில் இல்லை. கார்டு அங்கே செல்லாது. முதலில் கையிலிருந்து கட்டி, பிறகு திரும்ப வாங்க வேண்டும். பட்டியலில் இருக்கிறது என்பதற்காக வேறு இடத்துக்குப் போக வேண்டாம், வைத்தியத்தைப் பார்த்து ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுங்கள், காசைத் திரும்ப வாங்குவது என் பொறுப்பு என்று குமரவேலிடம் சொன்னேன். கம்பெனியில் பேசி முன்பணம் வாங்கிக் கொடுத்தேன்.

டி.பி.ஏ.வுக்குப் போன் செய்தபோது எதிர்முனையில் ஒரு பையன். "பேஷண்ட் அட்மிட் ஆகலயே மேடம். தினமும் வந்து போறாங்கன்னா க்ளெய்ம் கிடையாது."

"டயாலிசிஸ், கீமோ, ரேடியேஷன், இதுக்கெல்லாம் படுக்கணும்னு கட்டாயம் இல்லப்பா. பாலிசியிலயே விலக்கு குடுத்திருக்கு."

"அப்படி இல்ல மேடம்..."

"உங்க முன்னால பாலிசி இருக்கா? படிச்சுட்டுக் கூப்பிடுங்க. நான் சீட்லதான் இருப்பேன்."

சாயங்காலம் கூப்பிட்டான். "சாரி மேடம், அனுப்புங்க" என்றான். கோபப்பட ஒன்றுமில்லை. அவனிடமும் அதுவரை யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

குமரவேலின் புது வேலைதான் பெரிய சிக்கல். நான் ஒன்றே ஒன்று சொன்னேன். "ராஜினாமா குடுக்கறதுக்கு முன்னாடி, அங்க அம்மாவுக்கு பாலிசி உண்டா, இருக்கற நோய்க்கும் சேர்த்து உண்டான்னு எழுத்துல கேளுங்க. போன்ல சொல்றத நம்பாதீங்க." கேட்டார். அப்பா அம்மாவுக்கு அங்கே பாலிசி கிடையாது என்று பதில் வந்தது. சேரும் நாளைத் தள்ளிவைக்கக் கேட்டார், அதற்கும் அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை.

என் மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். "நான் என்ன பண்ணட்டும் மேடம்?"

"அத நான் சொல்லமாட்டேன். ரெண்டு பக்கமும் என்ன கிடைக்கும், என்ன போகும்னு உங்களுக்குத் தெரியும்."

அவர் சிரித்தார். "அங்க சம்பளம்தான் ஜாஸ்தி மேடம்" என்றார். எழுந்து போய் அந்த வேலையை வேண்டாம் என்று எழுதிவிட்டார். அவருக்கு அது வருத்தமாக இருந்தது, மறைக்கவும் இல்லை. பின்னால் அதைவிட நல்ல இடம் கிடைத்தது. ஆனால் அன்றைக்கு அது அவருக்குத் தெரியாது.

பழைய ஸ்கேனை வாங்க குமரவேல் நர்சிங் ஹோமுக்குப் போனபோது, ஆபரேஷனுக்கு நாள் குறித்த டாக்டரைப் பார்க்க நேர்ந்ததாம். என்ன ஆயிற்று என்று கேட்டிருக்கிறார். குமரவேல் சொன்னார். டாக்டர், "டெஸ்ட் பண்ணிட்டுத்தான் நாள் குறிச்சிருக்கணும். நல்லவேளை, போனீங்க" என்றாராம். அதைச் சொல்லவும் ஒரு மனசு வேண்டும்.

சிகிச்சை கடுமையாகத்தான் இருந்தது. சரோஜா அம்மாளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை, வயிறு கெட்டது, ஆட்டோவில் போய்வரவே தெம்பில்லாமல் போயிற்று. நடுவில் ஒருமுறை ஊருக்கே போய்விடுகிறேன் என்றுகூடச் சொன்னார். ஆனால் ஒருநாள்கூட விடவில்லை. எல்லாம் முடிந்து, மறு பரிசோதனைகளில் நோயின் சுவடு இல்லை என்று சொன்னார்கள். கட்டிய பணத்தில் பெரும்பகுதி திரும்பி வந்தது. வராத பகுதிக்கு ஏன் வரவில்லை என்று கேட்டு எழுதினேன், அதிலும் பாதி வந்தது.

ஊருக்குத் திரும்பும் முன் சரோஜா அம்மாள் மகனோடு காக்ஸ் டவுனில் என் வீட்டுக்கு வந்தார். ஒட்டிப்போயிருந்த கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது. காபி குடித்தபடி பேசிக்கொண்டிருந்தோம். நான் எனக்குப் பழக்கமான பேச்சைத்தான் பேசினேன். கம்பெனி கட்டுகிறது என்றால் இந்தப் பிள்ளைகள் எதையும் கேட்பதில்லை, யோசிக்காமல் ஆபரேஷன் வரைக்கும் போய்விடுகிறார்கள் என்றேன். குமரவேல் தலையைக் குனிந்துகொண்டார்.

சரோஜா அம்மாள் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அப்படிச் சொல்லாதம்மா. எனக்கு ரத்தம் வர ஆரம்பிச்சு ரொம்ப நாளாச்சு. ஊர்ல இருக்கச்சொல்லவே வந்துச்சு. யார்கிட்டயும் சொல்லல. இப்பதான் புள்ள தலையெடுத்து நாலு காசு பாக்கறான், ஆஸ்பத்திரிக்குப் போனா அத்தினியும் தொடச்சிகினு பூடும், வர்றது வரட்டும்னு இருந்துட்டேன். தீவாளிக்கு வந்தவன் ஒரு கார்டக் காட்டுனான். அம்மா, உனக்கு இன்னா ஒடம்புக்கு வந்தாலும் ஒரு பைசா நம்ப செலவு இல்ல, எல்லாம் கம்பெனிதுன்னான். அவன் அப்படிச் சொல்லக்கொண்டித்தான் நான் வாயத் தொறந்தேன். இல்லாங்காட்டி செத்துதாம்மா போயிருப்பேன்."

குமரவேல் அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். அவருக்கும் அது அன்றைக்குத்தான் தெரிந்தது. இத்தனை வருஷமாக, செலவில்லை என்பதால் வேண்டாததைச் செய்துகொள்கிறவர்களைத்தான் நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்திருக்கிறேன். செலவாகும் என்று வாயே திறக்காதவர்கள் என் மேஜைக்கு வருவதில்லை. அவர்களுக்குப் பில் கிடையாது, அப்ரூவல் கிடையாது. என் வேலையில் அவர்கள் தென்படவே மாட்டார்கள்.

அடுத்த மாதம் புதியவர்களுக்கு வகுப்பு. தீபா அப்போதுதான் என் பிரிவில் சேர்ந்திருந்தாள், பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நான் கார்டை எடுத்துக் காட்டினேன். வழக்கமாக ஆரம்பிக்கும் எச்சரிக்கையை ஆரம்பத்தில் சொல்லவில்லை.

"இதப் பத்தி மத்ததெல்லாம் அப்புறம் சொல்றேன். மூணு கேள்வி இருக்கு, அதயும் சொல்றேன். முதல்ல இன்னிக்கு வீட்டுக்குப் போன் பண்ணுங்க. அம்மாகிட்ட பேசுங்க. உங்க வைத்தியத்துக்கு நம்ம காசு ஒரு பைசா ஆகாதும்மான்னு சொல்லுங்க. அதச் சொன்ன பிறகு, உடம்புக்கு ஏதாவது இருக்கான்னு கேளுங்க. இல்லன்னு சொன்னா உடனே போன வெச்சுடாதீங்க. கொஞ்சம் இருங்க."

பிஸ்கட் தட்டை யாரும் தொடவில்லை. ஜன்னலோரம் இருந்த ஒரு பெண், வகுப்பு முடியும்வரை காத்திருக்காமல், கைப்பேசியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். என்னிடம் அனுமதி கேட்கக்கூட நிற்காமல் வராண்டாவுக்குப் போனாள். கதவு சாத்துவதற்குள் அவள் குரல் கேட்டது.

"அம்மா, வேலையா இருக்கியா?"